வெறும் வயிற்றோடு எடுத்த படம்

கண்டியில் என்னை எதிர்பார்த்து நின்ற மூன்று பேரிடமும் என்னென்ன பேசக்கூடாது என்று முன்கூட்டியே ஃபோனில் சொல்லியிருந்தார்கள். "மெலிஞ்சுட்டே" கூடாது. "சதை போட்டுட்டே" அதைவிடக் கூடாது. "சாப்பிட்டியா" வேண்டவே வேண்டாம். மதுரைக்காரன் ஒருவனிடமிருந்து இந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டால் சொந்தக்காரர் வீட்டு வாசலில் அவன் என்னதான் பேசுவான்? செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வீடு நல்ல வெளிச்சமா இருக்கு" என்றேன். வெளியே மழை இருட்டு. உள்ளே கரண்ட்டும் இல்லை.

ஃபோனில் சொன்னவர் செல்வம் அண்ணன், என் பெரியப்பா மகன். என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். பெரியப்பா கண்டி டவுனுக்கு இறங்கினார். அண்ணன் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்தேழு வருஷமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். அண்ணன் மகள் தர்ஷினிக்கு இருபத்தொரு வயது. என்னைச் சித்தப்பா என்பாள். அவள் தலையைப் பார்க்கத்தான் போனேன்.

அவளுக்கு வந்திருந்தது அனரெக்சியா நெர்வோசா. வீட்டில் அதைச் 'சாப்பிடாத வருத்தம்' என்றார்கள். இலங்கையில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பேர். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் ஒரு வேளையை விட்டிருக்கிறாள், பிறகு இரண்டு வேளையை. விரதம் என்று நினைத்துக் கோயிலில் நாலு பேர் பாராட்டியும் இருக்கிறார்கள். கம்பஸ் என்கிற யுனிவர்சிட்டிக்குப் போன முதல் வருஷமே மயங்கி விழுந்து, மாதக்கணக்கில் வார்டில் கிடந்து, இப்போது ஒன்றரை வருஷமாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தேறி வருகிறாள்.

வார்டில் இருந்தபோது எடுத்த மூளைப் படத்தை அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் ஃபோன் செய்யவில்லை. மூளையின் மேல் மடிப்புகளுக்கு நடுவே வாய்க்கால்கள் அகன்று கிடந்தன. நடுவிலே நீர் நிற்கும் அறைகள் பெரிதாகியிருந்தன. வயதானவர்கள் தலையில் தினமும் நான் பார்க்கிற படம் அது. பத்தொன்பது வயசுப் பிள்ளையின் பெயர் மேலே இருந்ததுதான் வித்தியாசம். பட்டினி கிடந்தால் கன்னம் ஒட்டுவது எல்லாருக்கும் தெரிகிறது; உள்ளே மூளையும் சேர்ந்து ஒட்டுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நல்ல சேதி என்னவென்றால், சாப்பாடு திரும்பினால் அதுவும் பெரும்பாலும் திரும்பி வருகிறது. திரும்பியிருக்கிறதா என்று தெரியாமல் கம்பஸுக்குப் போகமாட்டேன் என்று தர்ஷினி சொல்லிவிட்டாள். இரண்டாவது ஸ்கேன் கட்டாயமில்லை என்றார் டாக்டர். அவள் விடவில்லை. இங்கிலீஷில் வருகிற ரிப்போர்ட்டை அண்ணன் நம்பவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க 'நம்ம ஆள்' வேண்டுமாம்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு இடியாப்பம், சொதி, கிழங்குக் கறி, கட்டசம்பல் என்கிற மிளகாய்த் துவையல். எங்கள் ஊர் இடியாப்பம் தேங்காய்ப்பாலில் சீனி போட்டு ஊறிக் கிடக்கும். இங்கே அது மஞ்சள் சொதியில் விறைப்பாக நிற்கிறது. புஷ்பா அண்ணி மறுபடி வைக்க வந்தபோது மரியாதைக்கு, "போதும் அண்ணி, போதும்" என்றேன். இரண்டு தடவை போதும் என்று சொல்லி மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதுதானே விருந்தாளிக்கு அழகு? மேசையில் எல்லோர் கையும் அப்படியே நின்றுவிட்டது. தர்ஷினி என் தட்டையே பார்த்தாள்.

அந்த மேசையில் அந்தச் சொல் கிடையாது என்று பிறகு அண்ணன் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஃப்ரிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஒரு நாளைக்கு ஆறு வேளை, எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, சாப்பிட்டதும் டிக் போட ஒரு கட்டம். வீட்டில் இருக்கிற எல்லோரும் அவளோடு உட்கார வேண்டும். அவள் தட்டில் இருப்பது எல்லோர் தட்டிலும் இருக்க வேண்டும். யாரும் மிச்சம் வைக்கக்கூடாது. இப்படி ஒரு சட்டம் போட்ட வீட்டுக்கு நான் இதுவரை விருந்து போனதில்லை. மறுநாள் காலை பாண் என்கிற ப்ரெட்டும் பருப்பும் வெங்காயச் சீனிசம்பலும் வந்தபோது வாயைத் திறக்காமல், அதாவது சாப்பிட மட்டும் திறந்து, காரியத்தைக் கவனித்தேன்.

இரண்டாம் நாள் புசல்லாவைக்குப் பயணம். எங்கள் சென்டரில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் தன் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பார்சல் தந்திருந்தார். வழி காட்ட தர்ஷினி வந்தாள். கையில் பத்தரை மணிச் சாப்பாட்டு டப்பா. எங்கள் ஊர் மினி பஸ்ஸில் பாட்டுச் சத்தம்தான் அதிகம் என்று நினைத்திருந்தேன். இந்த பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் டி.வி.யே ஓடியது. வளைவு வரும்போதெல்லாம் எல்லோரும் சாலையைப் பார்க்க, டிரைவர் மட்டும் டி.வி.யைப் பார்ப்பது போலத் தோன்றியது. பயத்தில் தோன்றியதாகவும் இருக்கலாம்.

கம்பளை தாண்டி ஏற்றத்தில் பஸ் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். முன்சீட்டில் இருந்த ஒரு சிங்கள அம்மா டிரைவரிடம் ஏதோ சொல்ல, கூட்டமே சிரித்தது. "என்னம்மா சொல்றாங்க?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"'மகனே, பஸ் ஏறாதுன்னா மலையைக் கொஞ்சம் எறக்கிவிடேன்'னு கேக்குறாங்க" என்றாள். அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. அந்தப் பயணம் முழுக்க எனக்கு அவள்தான் காது. அவள் சொன்னதெல்லாம் அப்படியே நம்பினேன்.

பத்தரை ஆனது. தேயிலைச் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பணிஸ் என்கிற பன் ஒன்று, ஒரு வாழைப்பழம், ஒரு பால் பாக்கெட். எனக்கும் அதே. நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அவளுக்கு அரை மணி நேரமானது. பணிஸைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் பார்த்து, வாயில் போட்டு, நெற்றியில் வேர்வை வர விழுங்கினாள். பாரம் தூக்குகிறவர்கள் முகத்தில்தான் அந்த மாதிரி வேர்வையைப் பார்த்திருக்கிறேன்.

"சித்தப்பா, படம் நல்லா வந்துச்சுன்னா இத நிப்பாட்டிரலாம்ல?" என்றாள்.

"எதை?"

"இந்த ஆறு வேளையை. மூளதான் திரும்பிருச்சே. அப்புறம் எதுக்கு?"

"நல்லா வரலைன்னா?"

"வரலன்னா இவ்வளவு நாள் தின்னது வீண்தானே. அப்பயும் எதுக்கு?"

படம் எப்படி வந்தாலும் நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் வாசல் வைத்துக் கட்டியிருந்தாள். அந்தப் படத்தை எடுத்து விளக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். பெரியவனாக ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். "பஸ் ரெடியாயிருச்சு போல" என்று எழுந்துகொண்டேன். பஸ் ரெடியாக இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.

புசல்லாவையில் பார்சலை வாங்கிக்கொண்ட தங்கை விடாமல் ரொட்டியும் சம்பலும் தந்தார். அது தாளில் இல்லாத சாப்பாடு. தர்ஷினி அரை ரொட்டி சாப்பிட்டாள். நான் இரண்டரை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு ஸ்கேனுக்கு நான் என்னா செய்யணும் சித்தப்பா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"நகை, ஹேர்பின் எதுவும் வேண்டாம். வெறும் வயித்துல வா" என்றேன்.

இருபத்தேழு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற வாக்கியம். வயிற்று ஸ்கேனுக்கு அது வேண்டும். ஊசி போட்டு எடுக்கிற படத்துக்கும் பல இடங்களில் கேட்பார்கள். ஊசி போடாமல் மூளையை மட்டும் எடுப்பதற்குத் தேவையே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. அண்ணி அடுப்படியிலிருந்து, "அப்ப ராத்திரிப் பாலும் வேணாமா தம்பி?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். ஸ்கேன்காரனே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக ஃப்ரிஜ் கதவுத் தாளில் மூன்று கட்டங்கள் காலியாக நின்றன.

மூன்றாம் நாள் காலையில் தர்ஷினியைப் பார்த்தவர்கள் அவளுக்கு நோய் என்றே சொல்லமாட்டார்கள். த்ரீவீல் என்கிற ஆட்டோவில் போகும்போது ஓயாமல் பேசினாள். வாவியைச் சுற்றி வளைந்த நெரிசலில், கடைப் பெயர்களையெல்லாம் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். டிரைவர் ஒருவழிப்பாதையில் திரும்பி பொலிஸ்காரரிடம் மாட்டிக்கொண்டார். அதற்கும் சிரித்தாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். பசி அவளுக்கு எப்படிப்பட்ட பழைய சிநேகிதி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பதினொரு மணி அப்பாயிண்ட்மென்ட் ஒன்றரை ஆனது. அதில் எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. படம் எடுக்கிற பையன் ஒரு சிங்களவர், என் தொழில்காரர். அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார்.

"க்ளிப், செயின் ஏதாச்சும் போட்டிருக்கேனான்னு கேக்குறாரு" என்றாள் தர்ஷினி.

ஆனால் கேட்கும்போது அவர் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். சோறு சாப்பிடுகிற சைகைக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு வேண்டாம். அவர் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தேன். மூளை மட்டும். ஊசி கிடையாது. வெறும் வயிறு தேவையே இல்லை. தர்ஷினியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஓடிப்போய் ஒரு பணிஸும் பாலும் வாங்கி வருவதற்குள் அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது நீட்டினேன். "வீட்டுல சாப்பிடுறேன்" என்றாள். வீட்டில், "பசிக்கல" என்றாள். மூன்று மணிக்கு அண்ணி அழ ஆரம்பித்தார். அண்ணன் கடையிலிருந்து ஓடி வந்தார். மூடியிருந்த கதவு ஒன்றை நான் வந்து திறந்து வைத்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

அண்ணி ஒரு நம்பரைப் போட்டு ஃபோனை என் கையில் கொடுத்தார். நஸீமா மிஸ். தர்ஷினிக்கு அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவர். கண்டிக்காரர். வீட்டில் எல்லோரும் அவரைச் சாப்பாட்டு மிஸ் என்பார்கள்.

"இந்தியாவுலருந்து வந்தீக்கிற ஸ்கேன் நானா நீங்கதானா?" என்றார். அவர்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா என்று பேர். ஆமாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கட நோன்பு மாசத்துல, வருத்தக்காரப் புள்ளைக்கு நோன்பு வேணாம், வேணாம்ண்டு உம்மாமாருக்குச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்ட கட்டிப்போகும். நீங்க ஆஸ்பத்திரி மனுசன். நீங்களே புடிச்சு நோன்பு வெச்சிட்டீங்களே நானா!"

"தப்புதான் மிஸ்" என்றேன். அவர் தொடர்ந்தார். "சரி, போனது போகட்டும். விட்ட வேளைக்கும் சேத்து ஊட்டாதீங்க. இப்ப பகல் சாப்பாடு. அது மட்டும்தான். எல்லாரும் குந்துங்க. நீங்க செஞ்ச பிழைய அவக்கு முன்னால சொல்லுங்க. படத்தப் பத்தி ஒரு பேச்சும் வேணாம், சோறு முடியும் வர."

நாலு தட்டு வைத்தோம். சோறு, பருப்பு, போஞ்சிக்காய் என்கிற பீன்ஸ் கறி, பொரித்த முட்டை. நான் சொன்னேன்: "தர்ஷினி, நான் தப்பாச் சொல்லிட்டேன். மூளை ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டாம். யோசிக்காமச் சொல்லிட்டேன். என் தப்பு."

"எனக்குத் தெரியும் சித்தப்பா" என்றாள் மெதுவாக. "மொத ஸ்கேனுக்கு வார்டுல பாணும் பாலும் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க சொன்னப்பவே பிழைன்னு தெரியும்."

"அப்புறம் ஏன்மா சொல்லலை?"

"சொல்லத்தான் நெனச்சேன். அதுக்குள்ள சந்தோசம் வந்துருச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்வதற்கில்லை. ஐம்பத்து மூன்று வயசு ஆளை ஒரு சின்னப் பெண் இரண்டு நாளாக ஏமாற்றியிருக்கிறாள். அடுத்த நிமிஷமே அவள் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றியவள் முகமாக அது இல்லை. ஏமாந்தவள் முகம்தான்.

"படத்தக் காட்டுங்க, சாப்பிடுறேன்" என்று பேரம் பேசினாள்.

"சோறு முதல்ல" என்றேன்.

"படத்துல எல்லாம் திரும்பியிருந்தா?"

முந்தின நாள் கல்மேல் உட்கார்ந்து விழுங்கிய பதிலை இப்போது சொன்னேன். "திரும்பியிருந்தா அது சோறு தந்தது. நிப்பாட்டினா மறுபடி போகும். திரும்பலைன்னா இன்னும் நாளாகும்னு அர்த்தம், அதுக்கும் சோறுதான் வேணும். படம் எப்படி வந்தாலும் உன் தட்டு மாறாது."

"அப்ப எதுக்கு எடுத்தோம்?"

நியாயமான கேள்வி. "உங்கப்பா கேட்டாரு, எடுத்தோம்" என்று பழியை அண்ணன் மேல் போட்டேன். அண்ணன் முழித்தார். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. முதல் பிடிச் சோற்றை எடுக்க நாலரை ஆனது. முடிக்க ஆறு மணி. ஆறிப்போன முட்டையைப் போல ருசி கெட்ட பண்டம் உலகத்தில் இல்லை. நாலு பேரும் மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.

நாலாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிப்போர்ட் வந்தது. முந்தின படத்தோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தது. அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். இடது பக்கம் அகன்ற வாய்க்கால்கள். வலது பக்கம் அவை கோடுகளாக ஒடுங்கியிருந்தன. நடுவறைகள் சுருங்கியிருந்தன. எத்தனையோ ஆயிரம் தலைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வலது பக்கப் படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

"எல்லாம் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப வந்துருச்சு. எல்லாமான்னு என்னால சொல்ல முடியாது. சில இடம் மெதுவா வரும். ஏன் சுருங்குது, எப்படித் திரும்புதுன்னு முழுசாச் சொல்ல இன்னும் யாராலயும் முடியலை. தண்ணியா, கொழுப்பா, நரம்பா, எது போய் எது வருதுன்னு பாத்துக்கிட்டேதான் இருக்காங்க."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வலது பக்கப் படத்தில் விரலை வைத்தாள்.

"இது நேத்து எடுத்ததுதானே சித்தப்பா? அப்ப உங்களுக்குப் பிழையா மொழிபெயர்த்துச் சொன்னது இந்த மூளதானே? இவ்வளவு நல்லா ஆனப்புறம்தானே சொல்லுச்சு?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி யாரும் ஒரு படத்தைப் படித்துக் காட்டியதில்லை. "ஆமா" என்றேன். "அளவு முன்னாடி வந்துருது போல. நெனப்பு பின்னாடிதான் வரும்."

அப்போது அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றார். சட்டைப் பையில் ஃபோன். இந்தியாவில் இருக்கிறவர்கள் உட்பட எல்லோருக்கும் சொல்லத் தயாராக இருந்தார். "என்னா தம்பி? சரியாயிருச்சா? முழுசா சரியாயிருச்சா?" என்று என்னைக் கேட்டார்.

ரிப்போர்ட் என் கையில் இருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் மறுபடியும் முந்திக்கொள்ளப் பார்த்தது. நோயில் விழுந்த நாளிலிருந்து யார் என்ன கேட்டாலும் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று மட்டுமே சொல்லி வந்த பெண், எனக்கு முன்னால் பேசிவிட்டாள்.

"இல்லப்பா" என்றாள். "இன்னும் இல்ல. படம் நல்லாருக்கு. ஆனா நான் நேத்து எல்லாரையும் ஏமாத்துனேன். சரியாயிருச்சுன்னு நெனச்சு விட்டுறாதீங்க. என்னயப் பாத்துக்கிட்டே இருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். இரண்டும் அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னது புரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி தாயி" என்றார். "பாத்துக்கிட்டே இருக்கோம்."